குடை பிடிக்கிறவன்

கிளி ஜோசியக்காரர் சீட்டை லேசில் நம் கையில் கொடுக்கமாட்டார். சாமி படத்தை அட்டையில் ஒட்டி, மேலே ஓர் உறை. ஓரமெல்லாம் அலகு பட்டு நைந்திருக்கும். நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 என்பது வழக்கக் கணக்கு. முருகனும் மாரியாத்தாளும் புத்தரும் மாதாவும் ஒரே கட்டில் தோளுரசிக் கிடப்பார்கள்.

மோகனூர் காவிரிக்கரையில் ஓர் ஆடிப்பெருக்கன்று அம்மாயி ஈரச் சேலையோடு அப்படியொருவர் முன்னால் உட்கார்ந்தாள். கிணற்றுப் பங்கில் தம்பியோடு மனஸ்தாபம். ஏழு வருசமாகப் பேச்சில்லை. தம்பி மகள் கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. போவதா, வேண்டாமா?

கிளி நாலு சீட்டை இழுத்துத் தள்ளிவிட்டு ஐந்தாவதைக் கவ்விக் கொடுத்தது. நெல்மணியை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விட்டது. ஜோசியர் உறையைப் பிரித்து ராகம் போட்டார்: "பட்டாபிசேகம் வந்துருக்குது தாயி! வனவாசம் தீந்துபோச்சு!"

அம்மாயிக்கு முகம் மலர்ந்தது. அவள் கணக்கில் ஏழு வருசமும் காட்டில் கிடந்த ராமர் அவள்தான். ஆனால் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், "இந்தக் கொடை புடிச்சுட்டு நிக்கறது ஆருங்க?" என்றாள்.

"பரதன் தாயி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "செருப்ப வெச்சுக் கும்புட்டுட்டுக் காத்துக் கெடந்தானே, அவனா?"

ஜோசியர் தலையை மட்டும் ஆட்டினார். வாய் ஓயாத மனுசன், அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார். அந்தத் தொழிலில் நான் பார்த்த உச்சம் அதுதான். திரும்புகிற பஸ்ஸில் அம்மாயி, பொண்ணுக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

எங்கள் பக்கத்தில் பூக் கேட்பதும் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். உண்டா இல்லையா, அவ்வளவுதான்; கேள்வி அங்கேயே முடிந்துபோகும். எனக்கு அதில் ருசி குறைவு. சைவர்கள் திருமுறைச் சுவடியில் கயிறு சாத்தி, வந்த ஏட்டைப் படித்துப் பார்ப்பது வேறு ரகம். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாத குறைக்கு அப்படிப் பார்த்தபோது, சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்ததாம். 'பிள்ளை பிறக்குமா' என்று கேட்டவருக்கு ஓர் ஊரும் அதன் குளங்களும் பதிலாகக் கிடைத்தன. போய் நீராடினார், பிறந்த பிள்ளைதான் மெய்கண்டார் என்பது வரலாறு.

டாரட்டும் இந்த ஜாதிதான். 78 சீட்டு. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகப் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் குறி சொல்லக் கற்றுக்கொண்டது. 1909இல் லண்டனில் வெளியான கட்டுக்குப் படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அதுவரை எண் சீட்டுகளில் பெரும்பாலும் கிண்ணமோ வாளோ எண்ணிக்கைக்கு வரிசையாக நிற்கும். அவர் அவற்றிலும் மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐந்து கிண்ணச் சீட்டைப் பாருங்கள்: கறுப்புப் போர்வைக்காரர் கவிழ்ந்த மூன்று கிண்ணங்களைக் குனிந்து பார்த்து நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்கள் கவிழாமல் நிற்கின்றன. சீட்டை எடுத்த நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

'அடுத்த மாதம் பணம் கொட்டும்' என்று இதை வைத்து விற்கிறவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. கிளி விஷயத்திலும் எனக்குச் சமாதானம் கிடையாது. இறகை வெட்டிக் கூண்டில் போட்டால்தான் அந்த வித்தை நடக்கும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சீட்டை இழுக்க நம் இடது கை போதும்.

நானும் பழைய காலண்டர் படங்களை ஒட்டி ஒரு கட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் எனக்கும் பட்டாபிஷேகம் வந்தது. பழக்கத்தில் பரதனைத்தான் தேடினேன். பிறகு கண் கீழே இறங்கிற்று. அத்தனை கூட்டத்தில் ஆஞ்சநேயர் ஒருவர்தான் சபையைப் பார்க்காமல் ராமர் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.