தொகைப்படமும் அச்சத்தின் சட்டகமும்

பல நெறியாளர்கள் தனித்தனியே ஆக்கிய குறும்படங்களைக் கோத்து ஒன்றாக அளிக்கும் திகில் தொகைப்படம் புதியதொரு வடிவமன்று. 1945இல் பிரித்தானியாவின் ஈலிங் நிறுவனம் வெளியிட்ட 'டெட் ஒவ் நைட்' அதற்குச் சிறந்த சான்றாகும். கவல்காந்தி, கிறைற்றன், டியர்டன், ஹேமர் ஆகிய நால்வர் அதனை நெறிப்படுத்தினர். 2020 சனவரி 1ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'கோஸ்ட் ஸ்டோரீஸ்' என்னும் இந்திப் படமும் ஸோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் எனும் நால்வரின் ஆக்கமே. இரண்டையும் ஒப்புநோக்கின், தொகைப்படத்தின் உயிர்நிலை எதுவென்பது புலனாகும்.

முன்னைய படத்தில், நாட்டுப்புற இல்லமொன்றிற்கு வரும் கட்டடக் கலைஞன், அங்குள்ளோர் அனைவரையும் தன் கனவில் முன்னரே கண்டவன். விருந்தினர் ஒவ்வொருவராகத் தத்தம் விந்தை அனுபவத்தைக் கூறுகின்றனர். கேட்டிருந்தவனே ஈற்றில் கொலைஞனாகின்றான். விழித்தெழுந்ததும் மீண்டும் அதே இல்லத்திற்குப் புறப்படுகின்றான். இடையில் வரும் நகைச்சுவைக் கதை தளர்வைத் தரினும் சட்டகம் அதனைத் தாங்கிக்கொள்கின்றது. இவ்வுத்தி தமிழர்க்கு அந்நியமானதன்று. விடை தெரிந்தும் பேசாதிருப்பின் விக்கிரமாதித்தன் தலை சிதறும். பேசினாலோ வேதாளம் முருங்கை மரமேறும். கதை கேட்பவனுக்கும் காப்பில்லை என்பதே இங்கு அச்சத்தின் அடிப்படை.

'கோஸ்ட் ஸ்டோரீஸ்' படத்தில் அத்தகைய சட்டகம் இல்லை. மகனை எதிர்பார்த்துத் தனித்திருக்கும் மூதாட்டி, கருவுற்ற பெண்ணின் மனக்கலக்கம், மாண்ட பாட்டியோடு உரையாடும் கணவனை மணந்த புதுமணப்பெண் என அதன் கதைகள் பெரும்பாலும் வீட்டையே களமாகக் கொண்டவை. வீடே அச்சத்தின் ஊற்று என்னும் இழை அவற்றுள் மறைந்து கிடக்கின்றது. அதனை எடுத்துக் கோக்கும் தொகுப்பாசிரியர் எவருமிலர். ஆதலின் ஒரு கதை எழுப்பிய அச்சம் அடுத்த கதை தொடங்குமுன்னரே அடங்கிவிடுகின்றது.

எனினும் பானர்ஜியின் பகுதி தனித்து நிற்கின்றது. 'நூறு வீடு' எனப் பொருள்படும் பேரூர், 'இருபது வீடு' எனப் பொருள்படும் சிற்றூரை உண்டு தீர்க்கின்றது; எஞ்சியோர் ஒலியெழுப்பாது ஒளிந்திருக்கின்றனர். 2009 வரை நீடித்த போரையும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்ட திருகோணமலை மாவட்டத்தில், கப்பல்துறை போன்றதோர் ஊரில் இருந்து இதனைப் பார்ப்பவர்க்கு அம்மௌனம் வெறும் திரையுத்தியாகத் தோன்றாது. பேயினும் கொடியது வலியோர் பசி என்பதை இப்பகுதி உணர்த்துகின்றது.

பல வாய்கள் ஓரிரவில் பேசும் வடிவம், பலரும் பகிர்ந்துகொண்ட அச்சத்தைக் கூறுதற்கு மிகப் பொருத்தமானது. ஆயின் பெயர் பெற்ற நால்வரை ஒருங்கு சேர்த்தல் மாத்திரம் தொகுத்தல் ஆகாது. ஒருவர் கதை மற்றவர் கதையைக் கேட்டு நடுங்குமாறு அமைத்தலே தொகுத்தல். ஈழத்தில் இத்தகைய படமொன்றை ஆக்க முனைவோர் முதலிற் சிந்திக்கவேண்டியது, கதை சொல்வோர் யாவர் என்பதை அன்று. கேட்போர் எவர், அவர்க்கு நேர்வது யாது என்பதையே.