தண்ணீர் கொதிப்பதை ரசிப்பது எப்படி?

திடம், திரவம், வாயு என்று பள்ளியில் படித்ததைக் கண்ணால் பார்க்க அடுப்படியே போதும். மூலக்கூறுகள் ஓயாமல் அசைகின்றன. நெருங்கி இருக்கும்போது ஒன்றையொன்று இழுக்கவும் செய்கின்றன. அசைவா இழுப்பா, எதன் கை ஓங்குகிறது என்பதைப் பொறுத்தே பொருளின் நிலை அமைகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

அடியைப் பாருங்கள்: அடுப்பில் வைக்கத்தக்க கண்ணாடிப் பாத்திரம் என்றால் நல்லது. சற்று நேரத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கரைந்திருந்த காற்றுதான் அது. சூடு ஏற ஏற, காற்றைக் கரைத்து வைத்திருக்கும் திறன் தண்ணீருக்குக் குறைகிறது.

காது கொடுங்கள்: கொதிக்கப்போகும் தண்ணீர் இரையும். அடியில் உண்டாகும் ஆவிக் குமிழிகள், மேலே சூடு குறைந்த நீருக்குள் ஏறியதும் நசுங்கிப்போவதால் எழும் ஓசை இது. குமிழிகள் உடையாமல் மேற்பரப்புவரை வந்து சேரும்போது இரைச்சல் அடங்கி, தளதளவென்று கொதிக்கும்.

வெப்பமானியை வைத்துப் பாருங்கள்: தீயை எவ்வளவு கூட்டினாலும் 100 டிகிரி செல்சியஸில் முள் நின்றுவிடும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சுமார் 93 டிகிரியிலேயே நிற்கும். அதன்பின் கொடுக்கும் சூடு முழுவதும், மூலக்கூறுகளை ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியிலிருந்து விடுவிப்பதில் செலவாகிறது. இந்த உள்ளுறை வெப்பத்தை 1760-களில் கிளாஸ்கோவில் ஆராய்ந்து அளந்தவர் ஜோசப் பிளாக். பனிக்கட்டி உருகிய நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல், அதே நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படும்.

கெட்டில் மூக்கைப் பாருங்கள்: வெண்புகை மூக்கை ஒட்டித் தொடங்காது, நடுவில் சிறு இடைவெளி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மீண்டும் திரவமான நுண்துளிகள். அந்த இடைவெளியில் கை வைக்க வேண்டாம்; கடுமையாகச் சுட்டுவிடும்.

கடைசியாக, இட்லிப் பானை மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். முத்துமுத்தாக நீர். ஆவி திரவமாகும்போது, பிரிவதற்கு வாங்கிய வெப்பத்தை அப்படியே திருப்பித் தருகிறது. மாவின்மேல் படியும் ஆவியும் அதையே செய்கிறது. இட்லி வேகமாகவும் சீராகவும் வேகும் ரகசியம் இதுதான்.