ஒரு துணைவினையின் அதிகாரம்

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடியரசுக்கு அன்று வயது 16 நாள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். தண்டனை பெற்றவர்களும் அவர்களில் இருந்ததால், விசாரணையற்ற சிறையின் வரலாறாக மட்டும் இதை எழுதிவிட முடியாது. ஆனால் அவர்களுடைய சச்சரவு, சாதாரணக் குற்றவாளிகளாகத் தங்களை நடத்தக்கூடாது என்பது. அதாவது, அரசு தங்களுக்கு இட்ட பெயரோடு. சொல்லோடு புழங்குகிற நாம் அங்கிருந்து தொடங்கலாம்.

அதே மாதங்களில் ஏ.கே. கோபாலன் கடலூர்ச் சிறையில் இருந்தார். 1947 டிசம்பரிலிருந்தே அவருக்குச் சிறைவாசம். 1950 மார்ச் 1 அன்று, புதிய தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் சிறைக்குள்ளேயே அவருக்கு ஓர் உத்தரவு தரப்பட்டது. மே 19 அன்று உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது என்ற 14வது பிரிவு மட்டும் விழுந்தது. நீதிபதி பஸல் அலி மாறுபட்டார். கோபாலன் தீர்ப்பின் தர்க்கம் 1978இல் மேனகா காந்தி வழக்கில் தகர்ந்தது. தடுப்புக் காவலுக்கு இடம் தரும் அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு தகரவில்லை.

இந்த உத்தரவுகளை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும். குற்றச்சாட்டு இறந்தகாலத்தில் பேசுகிறது: செய்தான். ஆகவே அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. பொய் என்று காட்டவும் வழி உண்டு. தடுப்புக் காவல் 'செய்யக்கூடும்' என்கிறது. இந்தத் துணைவினையை எந்தச் சாட்சி மறுப்பான்? நாளை செய்யமாட்டேன் என்பதற்கு இன்று என்ன நிரூபணம்? இதன் மறுபக்கம் 'திருப்தி'. பந்தியில் இலையை மடிக்கும்போது கேட்கிற சொல். இங்கே அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் ஒருவன் ஓராண்டு உள்ளே இருக்கலாம்; 1980இன் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், தமிழ்நாட்டின் 1982 குண்டர் சட்டமும் அனுமதிக்கிற உச்ச அளவு அது. அறிவுரைக் குழு உண்டு. அதன்முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமை கிடையாது.

குண்டு வெடிக்கும்வரை காத்திருப்பதா என்ற கேள்வி போலியானதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று நடந்ததைப் பார்த்த தமிழ்நாட்டில் அதை அலட்சியமாகக் கேட்க முடியாது. ஆனால் சதி செய்பவனைக் கைது செய்யச் சாதாரணச் சட்டமே போதும். கைதுக்குப் பிறகு வரும் மௌனமான மாதங்களுக்குத்தான் நியாயம் சொல்ல வேண்டும். அந்தக் கொலை வழக்கே ஒரு பாடம். பூந்தமல்லியின் தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மேயில் உச்ச நீதிமன்றம் நால்வரின் தூக்கை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள். மற்ற 19 பேர் கொலைச் சதியிலிருந்து விடுபட்டு வெளியே வந்தார்கள். ஒருவர்மீதும் தடா பொருந்தாது என்றும் சொன்னது. மூடிய கதவுக்குள் நடந்த, கொடுமையான சட்டத்தின் கீழான விசாரணைதான். ஆயினும் விசாரணை என்பதால் அதன் தவறு கண்ணுக்குத் தெரிந்தது. 'கூடும்' தவறிப்போனால் தெரியவே தெரியாது. அவன் செய்யாமலிருந்ததற்கு அந்தக் காவலே காரணம் என்று சொல்லிவிடலாம்.

நம் சங்கடம் வேறு இடத்திலும் இருக்கிறது. உள்ளே இருப்பவன் நம்மவனா என்று பார்த்த பிறகே நமக்குக் கோபம் வருகிறது. மிசாவில் 1976இல் சிறை சென்றவர்களின் கட்சி திரும்பக் கோட்டைக்கு வந்தபோதும் குண்டர் சட்டம் புத்தகத்தில் இருந்தது, பயன்பட்டும் வந்தது. வெறுக்கத்தக்கவனுக்காகவும் விசாரணை கேட்கத் தெரியாத கோபம், கட்சிக் கோபம் மட்டுமே.

விசாரிக்காமல் கொன்ற அரசனின் கதை நம்மிடம் காவியமாகவே இருக்கிறது. கோவலனுக்கு அந்த விசாரணை பயன்படவில்லை. ஆனாலும் கண்ணகியால் அவைக்குள் நுழைய முடிந்தது. காரணம், களவு என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு சிலம்பு இருந்தது. உடைத்தால் உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று தெரியும், தெரிந்தது. 'கூடும்' என்பதைத் தரையில் ஓங்கி அடித்து உடைக்க முடியாது. அதற்குள் பரல் இல்லை.