அச்சின் நேர்மை

கருக்களாச்சேரிக் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகள் எல்லாம் அச்சில் பிறந்தவை. பெரிய அச்சின் உட்புறம் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் பூசி, கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காகப் படிய வைத்தால் படகின் உடல் தயார். அதே படகை உள்ளங்கை அளவில் மாதிரியாகச் செய்பவருக்குக் கைகொடுப்பது சிலிக்கோன் ரப்பர் அச்சு.

என்ஜின், நங்கூரம் போன்ற பாகங்கள் ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் கையால் செதுக்கினால் போதும். அதைக் களிமண்ணில் பாதி புதைத்து, சுற்றிலும் பெட்டி கட்டி, ரப்பரை ஒரு மூலையில் நூல்போல் மெல்ல ஊற்ற வேண்டும். அப்போதுதான் காற்றுக்குமிழிகள் உடையும். கந்தகம் கலந்த களிமண் பட்டால் பிளாட்டினம் வகை ரப்பர் இறுகாது. ஊற்றிய ரப்பர் இறுகியதும் திருப்பி, களிமண்ணை நீக்கி, வாஸ்லின் தடவி மறுபாதியை ஊற்றலாம். தடவாவிட்டால் இரு பாதிகளும் ஒட்டி ஒன்றாகிவிடும். இரு பாதிகளையும் சேர்த்து வார்க்கும்போது ரெசின் உள்ளே போக ஒரு வழி, காற்று வெளியேற ஒரு வழி இரண்டும் வேண்டும்.

இந்த ரப்பரின் அழகு அதன் நேர்மை. கயிற்றின் முறுக்கு, ஆணித்தலை, கைரேகை வரை அப்படியே பிடித்துக்கொள்ளும். வளைந்து கொடுப்பதால் நுணுக்கமான பாகமும் முறியாமல் வெளிவரும். சுவாமிமலையில் மண் அச்சை உடைத்துத்தான் ஐம்பொன் சிலையை எடுக்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரே சிலை. ரப்பர் அச்சோ பல வார்ப்புகள் தரும். செதுக்கிய மூலத்தில் உள்ள கீறலையும் ஒவ்வொரு வார்ப்பிலும் தரும். ஆகவே, அச்செடுக்கும் முன் மூலத்தை இன்னொரு முறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.