ஜன்னலில் படிந்த கரி

பழனிக்குப் பக்கத்தில் உள்ள பாலசமுத்திரத்தில் ஓர் இளைஞர் தாம் எழுதிய துப்பறியும் கதையை எனக்குப் படித்துக் காட்டினார். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு வரும் பாசஞ்சர் ரெயில் ஒரு மாடி வீட்டின் ஜன்னலுக்கு அடியில் நிற்கிறது. கொலைகாரன் பிணத்தை ஜன்னல் வழியாக வண்டிக் கூரைமேல் கிடத்துகிறான். எங்கோ ஒரு வளைவில் அது உருண்டு விழுகிறது.

"எந்த ரெயில் ஐயா வீட்டு ஜன்னலுக்கு அடியில் வந்து நிற்கும்?" என்று கேட்டேன்.

"கானன் டாயில் எழுதினால் நிற்கிறது. நான் எழுதினால் நிற்காதா, ஸார்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மூலக் கதையும் வெறும் ஜாலம்தான் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். கானன் டாயிலுக்கும் அநியாயம் செய்தேன். அந்த இளைஞருக்கும் உபயோகமாக எதுவும் சொல்லவில்லை.

மூலக் கதை 'புரூஸ்-பார்ட்டிங்டன் திட்டங்கள்' என்பது. 1908இல் 'ஸ்டிராண்ட்' பத்திரிகையில் வெளிவந்தது. நீர்மூழ்கிக் கப்பலின் ரகசியப் படங்கள் திருட்டுப் போகின்றன. கடோகன் வெஸ்ட் என்ற குமாஸ்தாவின் பிணம் லண்டன் சுரங்க ரெயில் பாதையில், ஆல்ட்கேட் நிலையத்துக்கு அருகே கிடக்கிறது. பையில் டிக்கெட் இல்லை. பாதையில் ரத்தமும் இல்லை. வண்டிக்குள்ளிருந்து விழவில்லை, கூரையிலிருந்து விழுந்தது என்று ஷெர்லாக் ஹோம்ஸ் ஊகிக்கிறார். கென்ஸிங்டனில் ஒற்றன் ஒருவனுடைய வீட்டுப் பின்புற ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் சற்று நேரம் நிற்பது வழக்கம். ஜன்னலுக்கும் கூரைக்கும் நாலடி இடைவெளிகூட இல்லை.

சுரங்கத்தில் ஓடும் வண்டிக்கு மேலே ஜன்னல் எப்படி வந்தது? அதற்குப் பதில் என்ஜினில் இருக்கிறது.

அந்தப் பாதையின் முதல் பகுதி திறந்தது 1863 ஜனவரி 10ஆம் தேதி. மின்சார ரெயில் இல்லாத காலம். பூமிக்கடியிலும் நீராவி என்ஜின்தான் ஓடியாக வேண்டும். 1864இல் மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலை அதற்கென்றே என்ஜின்கள் செய்து கொடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் என்ஜினைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜாதி புரியும். கரிக்கும் தண்ணீருக்கும் பின்னால் தனி வண்டி கிடையாது; கொதிகலனின் இரு விலாவிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டு ஓடும். கடைசி நிலையத்தில் என்ஜினைத் திருப்ப வேண்டிய அவசியமில்லை. முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும். அடிக்கொரு தரம் நின்று புறப்படும் நகரத்து வண்டிகளுக்கு இது சௌகரியம். முதல் பதினெட்டுக்கும் புராணப் பெயர்கள் வைத்தார்கள். ஒன்றின் பெயர் புளூட்டோ. பாதாளத்தில் ஓடும் என்ஜினுக்கு ரோமாபுரி யமனின் பெயரை வைத்தவர் நிச்சயம் ரஸிகர்தான்.

சுரங்கத்துக்குள் போனதும் டிரைவர், வேலை முடிந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்கு விடாமல் பக்கத் தொட்டியின் தண்ணீருக்குள் திருப்பிவிடுவார். அது அங்கே குளிர்ந்து அடங்கும். ஆனால் புகைபோக்கியில் சீறிப் போகும் நீராவிதானே அடுப்புக்குத் துருத்தி! அதை அடக்கினால் நெருப்பு மங்கும். தொட்டித் தண்ணீரும் கொதிநிலையை நெருங்கிவிடும். ஆகவே அங்கங்கே வானம் தெரியும்படி பள்ளமாகத் திறந்துவிட்டார்கள். என்ஜின் அங்கே வந்துதான் மூச்சு விடும். லீன்ஸ்டர் கார்டன்ஸ் என்ற தெருவில் அப்படி ஒரு பள்ளத்தை மறைக்க, 23, 24 எண்களுக்கு வீடே இல்லாமல் முகப்பு மட்டும் கட்டினார்கள். கதவு உண்டு, ஜன்னல் உண்டு, பின்னால் ஒன்றுமில்லை. இப்போதும் இருக்கிறது. எந்த நாவலாசிரியனுக்கும் பொறாமை வரும்.

கானன் டாயிலின் ஒற்றனுக்கு ஜன்னலைக் கொடுத்தது இந்தப் பள்ளம்தான். சாட்சியத்தையும் அதுவே கொடுத்தது. ஹோம்ஸ் ஜன்னலைத் திறக்கும்போது விளிம்பில் கரி கனமாகப் படிந்திருக்கிறது. சில இடங்களில் மட்டும் அது தேய்ந்து கலைந்திருக்கிறது. பிணம் அதன்மேல் கிடந்ததற்கு அடையாளம். கரியைத் துப்பிய என்ஜினே கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிறது. அங்கே நீராவியை எடுத்துவிட்டால் கதையே இல்லை. 1905இல் அந்தச் சுரங்கப் பாதைக்கு மின்சாரம் வந்தது. 1908இல் எழுதிய ஆசிரியர், கதையை 1895 நவம்பரில் வைத்திருக்கிறார். தெரிந்துதான் செய்தாரோ, என்னவோ, சரியாகச் செய்திருக்கிறார்.

குறையும் உண்டு. அந்தப் பழைய என்ஜின்களில் டிரைவருக்குக் கூண்டு கிடையாது. முன்னால் ஒரு தடுப்புத் தகடு மட்டும். நாளெல்லாம் புகையில் நின்றவன் அவன். ஜன்னலில் படிந்த கரியைப் பார்த்த ஆசிரியர் அவன் நெஞ்சில் படிந்த கரியைப் பார்க்கவில்லை. லண்டன் போக்குவரத்து மியூஸியத்தில் 1866ஆம் வருஷத்து 23ஆம் நம்பர் என்ஜின் பளபளவென்று நிற்கிறது. அங்கேயும் கரி இல்லை.

இப்போது இளைஞருக்குப் பதில் சொல்கிறேன். பழனிக்கு ரெயில் 1928இல் வந்தது. மீட்டர் கேஜ், ஒற்றைப் பாதை. நீராவி போய், அகலப் பாதையும் வந்தாகிவிட்டது. எந்தக் காலத்திலும் அது சுரங்கத்தில் ஓடவில்லை. மூச்சுவிடப் பள்ளம் தேடவில்லை. ஆகவே ஜன்னலும் இல்லை. கதையைச் சென்னைக்கு மாற்றினாலும் நடக்காது; கடற்கரை - தாம்பரம் வண்டி 1931லேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டது.

ஆனால் ஒற்றைப் பாதையில் பாசஞ்சர் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. எதிர் வண்டிக்கு வழிவிட ஒட்டன்சத்திரத்தில் காத்து நிற்கும். தைப்பூசக் கூட்டம், காவடிகள், தண்ணீர்க் குழாயடியில் இறங்கிய பாதிப்பேர், எப்போது புறப்படும் என்று தெரியாத இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தை வைத்து அவர் மறுபடி எழுதினால் நான் பாலசமுத்திரம் போய்க் கேட்கத் தயார்.