பட்டியலில் இல்லாத பாட்டன்

ஐரா கிளேசியரும் வில்லியம் பில்பியும் பதிப்பிக்க, 1988 முதல் வெளிவந்த ‘அமெரிக்காவுக்கு ஜேர்மானியர்’ என்னும் நூற்றொகுதி, 1850 தொடக்கம் அமெரிக்கத் துறைமுகங்களில் வந்திறங்கியோரின் பெயர்களை நிரற்படுத்துவது. அதன் பயனை மறுப்பதற்கில்லை, தெரிவுமுறையே ஐயத்துக்குரியது. பயணிகளுள் 80 வீதத்தினரேனும் ஜேர்மானியப் பெயர் தாங்கிய கப்பல்களையே முதல் 9 தொகுதிகளும் கருத்திற் கொண்டன. ஐரிஷ்காரர் நிறைந்த கப்பலில் வந்த ஜேர்மானியக் குடும்பம் அவற்றில் இடம்பெறாது. மூதாதையைத் தேடும் பேரன், பாட்டன் வரவேயில்லை என்று முடிவுகட்டலாம். அதனினும் கேடாக, அதே பெயருடைய அயலானொருவனைப் பாட்டனாக வரித்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பட்டியல்கள் பல, சொந்த ஊரைக் கூறாது ‘பிரஷ்யா’ என்பதோடு அமைந்துவிடுதலின் இத்தவறு எளிதில் வெளிப்படாது. 1850 முதல் 1934 வரையான ஹம்பேர்க் புறப்பாட்டுப் பதிவேடுகளோ பயணியின் முந்திய வதிவிடத்தையும் குறிப்பன. பிறேமன் பதிவேடுகள் பெரும்பாலும் அழிந்தமையால், அவ்வழி சென்றோருக்கு அமெரிக்காவிலிருந்த ஜேர்மானியத் தேவாலயங்களின் திருமண, மரணப் பதிவுகளையே முதலிற் புரட்டவேண்டும்.