பின்னட்டையில் ஒரு பெயர்

டுவேன் ஆல்மன் என்ற அமெரிக்க ராக் கிதார்க்காரர் 1971-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 24. 2013-இல் ‘ஸ்கைடாக்’ என்ற பெட்டித் தொகுப்பு வந்தது, ஏழு குறுந்தகடுகள். சொந்தக் குழுவின் பாட்டுகள் மட்டும் அல்ல, வில்சன் பிக்கெட், அரீத்தா ஃபிராங்க்ளின் போன்றவர்களின் இசைத்தட்டுகளில் அவர் வாசித்துக் கொடுத்தவற்றையும் தேடியெடுத்துச் சேர்த்திருந்தார்கள். பிறர் பாட்டுக்குள் ஒளிந்திருந்த ஒருவரை வெளியே கொண்டுவந்த வேலை அது.

மிருதங்க வித்வான் வேலூர் ஜி. ராமபத்ரனுக்கு (1929–2012) இப்படி ஒரு பெட்டி வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கொன்னக்கோல் வித்வானான தந்தை கோபாலாச்சாரியிடம் பாடம் கேட்டவர். 2004-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. பாடகர்கள் செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர், வயலின் வித்வான் லால்குடி என்று அவர் பக்கத்தில் உட்காராத பெரியவர்கள் குறைவு. ஆனால் கடையில் அவர் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைப்பது சொற்பம். பாடகரின் படம் முன்னட்டையில். பக்கவாத்தியம் பின்னட்டையில், பொடி எழுத்தில். அவரைச் சேகரிக்க வேண்டுமென்றால் மற்றவர்களைத்தான் சேகரிக்க வேண்டும்.

இதில் இன்னொரு தொல்லை. அந்நாளில் ஸ்பூல் நாடாவின் விலை அதிகம். மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பதிவை நிறுத்திவிட்டு, அடுத்த உருப்படிக்கு மீண்டும் ஓடவிட்ட புண்ணியவான்கள் உண்டு. மிருதங்க ரசிகனுக்கு இதைவிடக் கொடுமை இல்லை என்றுதான் நானும் நினைத்திருப்பேன், வேறு வித்வானாக இருந்தால். ராமபத்ரன் விஷயத்தில் நஷ்டம் பாதிதான். அவருடைய சொத்து தனியில் இல்லை, பாட்டின் ஓட்டத்தோடு இழைந்து போகும் எளிய நடையான சர்வலகுவில் இருக்கிறது.

மதுரை மணி ஐயர் ஸ்வரம் பாடும் ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் கணக்குப் போடாமல் ஸ்வரங்களைத் தாளத்தோடு மிதக்கவிடுகிறார். அங்கே ‘நானும் இருக்கிறேன்’ என்று ஒரு மிருதங்கம் குறுக்கே விழுந்தால் எல்லாம் போயிற்று. ராமபத்ரன் விழுவதில்லை. வலந்தலை என்ற வலப்பக்கத்தில் மிதமான நடை. தொப்பி என்ற இடப்பக்கத்தில், வேண்டிய இடத்தில் மட்டும், வழுக்கும் அடித்தொனியாக ஒரு கும்கி. ஸ்வரம் முடிந்து பாட்டின் அடிக்குத் திரும்பும்போது, வேறொருவர் மோரா என்ற பெரிய முடிப்பை வைக்கும் இடத்தில், இவர் சின்னத் தீர்மானத்தோடு நகர்ந்துவிடுவார். முதல் கேட்பில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அதே இடத்தை மிருதங்கத்தை மட்டும் காதில் வாங்கிக் கேட்டால், பாடகர் எங்கே மூச்சு விடுவார் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர் வாசிக்கிறார் என்று புரியும். மிருதங்கத்தில் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் பாலக்காடு மணி ஐயரிடமும் பழனி சுப்ரமணிய பிள்ளையிடமும் போகலாம். இந்தச் சௌக்கியம் அங்கே வேறு மாதிரி.

இதைக் கேட்கவும் பதிவு சரியாக இருக்க வேண்டும். நாடாவின் வேகம் சற்றுக் கூடியிருந்தாலும் சுருதி ஏறிவிடும். தொப்பியின் அடித்தொனி மெலிந்து தகரம் போல ஒலிக்கும். பாடகருக்கு வழக்கமான சுருதிக்கு இறக்கினால்தான் கும்கி கும்கியாகக் கேட்கும். சுத்தப்படுத்துகிறேன் என்று இரைச்சலோடு அதையும் வழித்தெடுத்த பதிப்புகள் உண்டு. அவற்றைவிட இரைச்சலே மேல்.

அவர் பெயரில் உள்ள வேலூர் என்றதும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் நினைவுக்கு வருவது இயல்பு. மிருதங்கத்துக்கும் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். ஆனால் தொழிற்சாலையில் பதனிட்ட தோல் மிருதங்கத்தின் முகப்பான மூட்டுக்கு உதவாது. மெத்தென்று ஆகி நாதம் செத்துவிடும். மயிர் நீக்கி வெயிலில் காயவைத்த பச்சைத்தோல்தான் பேசும். காலணி செய்யும் ஊருக்கும் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய மிருதங்கத்துக்கும் உறவு கச்சாப்பொருளோடு சரி.

பெட்டி வந்தால் முதல் தட்டில் தனி ஆவர்த்தனமே கூடாது என்பேன். மதுரை மணி ஐயருக்கு வாசித்த ஸ்வரங்கள், செம்மங்குடியின் நிதானமான கீர்த்தனை ஒன்று, லால்குடியின் தில்லானா ஒன்று. தனிகளை இரண்டாம் தட்டில் வைத்துக்கொள்ளலாம்.